நரம்புக்குக் கஞ்சி போட்ட சாயக் காக்கா

உலகத்தில் எல்லா ஊரிலும் நோயாளிதான் வைத்தியரைத் தேடிப் போவார். கிழக்கிலங்கை மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் வைத்தியர் நோயாளியைத் துரத்திக்கொண்டு வருவார். துரத்துகிறவர் பெயர் சாயக் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன், பறவையில்லை. அவர் வைத்தியரே இல்லை என்பது இரண்டாவது பிரச்சினை.

அவருடைய தொழில் நூலுக்குச் சாயம் போடுவது. சுற்றுவட்டாரத்துக் கைத்தறி வீடுகளுக்கெல்லாம் அவர்தான் நூல் தோய்த்துக் கொடுப்பார். முழங்கைவரை அந்தக் கிழமையின் நிறம் ஏறியிருக்கும்; ஏழு நாளைக்கு ஒரு நிறம். யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், கொதிக்கிற சாயக் கிடாரத்தை அப்படியே விட்டுவிட்டு சைக்கிளில் ஏறிவிடுவார். வந்ததும் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அவர் போன பிறகு நெற்றி பச்சையாக இருந்தால் அது ஆண்கள் உடுக்கிற சாரத்துக்குப் போகிற நூல். ஊதாவாக இருந்தால் சாரிக்குப் போகிற நூல். காய்ச்சல் என்று லீவு கேட்கிற பிள்ளை பொய் சொல்கிறதா என்று நாங்கள் ஆசிரியர்கள் நெற்றியைப் பார்த்தே முடிவு செய்த காலம் உண்டு.

மனிதர் மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. மௌத்தானவரை ஏசக்கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் ஏசவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன். நடந்ததைச் சொன்னாலே ஏசுவது போல இருந்தால் அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

எண்பதாம் ஆண்டு என் மனைவி ஹாஜராவுக்கு இடது கண் மங்கியது. “இஞ்ச பாருங்க, கண்ணுக்கு மேல பாலாடை போட்டாப்போல இரிக்கி” என்றாள். மூன்று கிழமையில் தானாகவே சரியாகிவிட்டது. அடுத்த வருடம் கால் இரண்டும் விறைத்தன. செருப்பு கழன்று போனதும் தெரியாமல் முற்றம் முழுக்க நடந்திருக்கிறாள். கொழும்புக்குக் கொண்டுபோனேன். பத்து நாள் வைத்திருந்து, முதுகில் ஊசி ஏற்றி நீர் எடுத்து, கடைசியில் பெரிய டொக்டர் ஒருவர் வந்து, “இது எங்கள் நாட்டில் மிகவும் அபூர்வமான நோய்” என்றார். சுவீப் டிக்கட்டில் பரிசு விழுந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறது. உடம்பு அதை எதிரி என்று தவறாக நினைத்து அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் மூளையிலிருந்து போகிற செய்தி தடுமாறுகிறது. வரும், போகும், மறுபடி வரும். முற்றாகக் குணப்படுத்த மருந்து இல்லை. கடுமையாக வரும்போது ஊசியும் மாத்திரையும் உண்டு. இவ்வளவுதான் டொக்டர் சொன்னது. ஊருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ‘கொழும்பு வருத்தம்’ என்று தாங்களே நோய்க்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது மானக்கேடு. ஓதிய தண்ணீர் நாலு போத்தல், மீனெண்ணெய், பால்மா, கருஞ்சீரகம், தேன் என்று எங்கள் வீட்டு அலுமாரி ஒரு மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது. சவூதியில் வேலை செய்த மச்சான் ஒருவர் நரம்புக்கு உறுதி தரும் என்று டின்னில் மாத்திரை அனுப்பினார். ஹாஜரா மூன்று மாதம் விழுங்கினாள். பிறகு அரபு தெரிந்த மௌலவி ஒருவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இது முடி கொட்டாமலிருக்க என்றார். முடி நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் சாயக் காக்கா வந்தார். அந்தக் கிழமை சிவப்பு நூல்.

“டொக்டர் என்ன சொன்ன மாஸ்டர்?” என்று கேட்டார்.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் நான் விஞ்ஞான ஆசிரியர். யாராவது கேள்வி கேட்டால் கண் தானாகவே கரும்பலகையைத் தேடும். நரம்பு, உறை, அரிப்பு என்று பத்து நிமிடம் விளக்கினேன். காக்கா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு துடையில் ஓங்கி அடித்தார்.

“இதுக்கா கொழும்புக்குப் போன? இது கஞ்சி கழண்ட நூல் மாஸ்டர்! பாவுக்குக் கஞ்சி போடாம தறியில ஏத்தினா என்ன நடக்கும்? ஒரு முழத்துக்குப் பத்துத் தரம் அறும். தங்கச்சிட நரம்புக்குக் கஞ்சி போடோணும். அவ்வளவுதான் கத!”

“நரம்பு நூல் இல்ல காக்கா.”

“நீங்க நரம்பத் தொட்டுப் பாத்திரிக்கீங்களா?”

“இல்ல.”

“நான் நாப்பது வருஷமா நூலத் தொட்டுப் பாக்கிறன்” என்றார்.

அந்தக் கஞ்சிதான் காளான். எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கரையில் மரம் என்று ஒன்றையும் நிற்க விடவில்லை. விழுந்த மரங்கள் வயலோரத்திலும் குளக்கட்டிலும் கிடந்து உக்கின. உக்கிய மரத்திலெல்லாம் பலகை மாதிரிக் காளான் முளைத்தது. ஊர் முழுக்கக் கூரை போன கவலையில் இருந்தபோது, இவ்வளவு மருந்து வீணாகிறதே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் இவர்தான். சொறிக்கல்முனைப் பக்கம் வயல் செய்கிற ஒரு சிநேகிதரைப் பிடித்து, கிழமைக்கு ஒரு சாக்கு என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மரக்காளான் சாப்பிட்டுத்தான் சீனத்து ராசாக்கள் நூறு வயது வாழ்ந்தார்கள் என்று அவருக்குச் சொன்னவர் ஒரு சீனப் பல் வைத்தியராம். சொன்ன நேரத்தில் காக்காவின் வாய்க்குள் குறடு இருந்ததாம். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க முடியவில்லையாம்.

அதைச் சீவி, இடித்து, சாயக் கிடாரத்துக்குப் பக்கத்தில் தனி அடுப்பு மூட்டி, நாலில் ஒன்றாகக் காய்ச்சி ஒரு போத்தலில் கொண்டு வந்தார். நான் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பழைய கதவு ஒன்றை அவித்து இறுத்த மாதிரி இருந்தது.

“டொக்டர்ட மாத்திரைய நிப்பாட்டச் சொல்லுவீங்க போல?” என்று கேட்டேன். சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

“அல்லாஹ்வே! அத ஆரு சொன்ன? சாயம் புடிக்கச் சாயம் மட்டும் போதுமா? உப்பும் வேணும், சோடாவும் வேணும். அதும் குடிக்கட்டும், இதும் குடிக்கட்டும்.”

சண்டை போடவும் இடம் தராத மனிதரோடு எப்படி வாழ்வது? நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எதையும் முதலில் அவர் குடித்து மூன்று நாள் உயிரோடு இருந்தால்தான் ஹாஜராவுக்குக் கொடுக்கலாம். உடனே சம்மதித்தார். ஒரு மாரிகாலத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு புது வகைக் காளானைக் கண்டுபிடித்து நிபந்தனைப்படி முதலில் தானே உட்கொண்டார். ஒன்றரை நாள் வாந்தி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, “மாஸ்டர், இந்த ரகம் சரிவராது!” என்று அறிவித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இவரை ஆராய்ச்சி செய்கிற பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார்.

அடுத்தது கண் விவகாரம். காளானின் நீர் கண்ணுக்கு நல்லது என்று பள்ளிவாசல் பயானில் கேட்டுவிட்டார். தொழுகை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு, கையில் போத்தலோடு. ஹாஜராவின் கண்ணில் அந்தக் கதவுத் தண்ணீரை ஊற்றப் போகிறார் என்று தெரிந்ததும் நான் வாசலை மறித்தேன். நியாயம் கேட்க இருவருமாக மௌலவியிடம் போனோம். மௌலவி பொறுமைசாலி. “காக்கா, அது வேற காளான். பாலைவனத்துல மணலுக்குக் கீழ இரிக்கிற. நீங்க கொண்டு வாறது மரத்துல முளைக்கிற. அதக் கண்ணுல ஊத்திப் போடாதீங்க” என்றார்.

வெற்றி எனக்கு என்று நினைத்து வீடு திரும்பினேன். அடுத்த நாள் காலையில் சாயக் காக்கா கடற்கரையில் மண்வெட்டியோடு நின்றார்.

“மணல் எண்டா மணல்தானே மாஸ்டர். எங்கட ஊருல இல்லாத மணலா?”

இரண்டு நாள் தோண்டினார். மூன்றாம் நாள் கரைவலைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் சும்மாவா இப்படித் தோண்டுவான்? புதையல்தான் என்று முடிவு கட்டி, அவருக்கு இரண்டு பக்கமும் நாலைந்து பேர் தோண்ட ஆரம்பித்தார்கள். காளான் தேடுகிறேன் என்று அவர் மெய்யைச் சொல்லச் சொல்ல, மற்றவர்களுடைய வேகம் கூடியது. கடைசியில் குழிக்குள் ஒரு மாடு விழுந்து, மாட்டுக்காரர் வந்து எல்லாரையும் ஏசி, மூடிவிட்டுப் போகச் சொன்ன பிறகுதான் அந்த வைத்தியம் முடிவுக்கு வந்தது.

வேது பிடித்த கதையைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கும். வெயில் காலம். நான் பரீட்சை மண்டபத்தில் இருந்தேன். காளானைக் கொதிக்க வைத்து, ஹாஜராவைக் கதிரையில் இருத்தி, நாலு கம்பளியால் மூடி, உள்ளே ஆவி விட்டிருக்கிறார். உள்ளே இருந்தவள் கொஞ்ச நேரத்தில் மெதுவாக, “காக்கா, ரெண்டு கண்ணும் தெரியல்ல” என்றிருக்கிறாள். நான் ஓடி வந்தபோது அவர் முற்றத்தில் நின்று தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தார். ஹாஜராதான் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்! ஈரத்துணி போட்டு, விசிறி, ஒரு மணித்தியாலத்தில் பார்வை திரும்பிவிட்டது. கொழும்பு டொக்டருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். உடம்பு சூடானால் இப்படி மங்கும், ஆறினால் சரியாகும், இந்த நோய்க்காரரைச் சூட்டில் வைக்கவே கூடாது என்று பதில் வந்தது.

பதிலை நான் காக்காவுக்கு உரத்த குரலில், இரண்டு தரம், அழுத்தம் திருத்தமாக வாசித்துக் காட்டினேன். வெட்கப்பட்டு இனி வரமாட்டார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். அடுத்த நாளே வந்தார், சைக்கிள் கரியரில் மரத்தூளும் சாக்குமாகச் சுற்றிய ஐஸ் கட்டியோடு. மீன் வாடியில் பெட்டிக்குப் போடுகிற ஐஸ். அந்த வெயில் காலம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஐஸ் வந்தது. பின்னாலேயே ஒழுங்கையிலுள்ள பூனைகள் எல்லாம் வந்தன. ஹாஜரா சூரை மீன் மணக்க மணக்கக் காலை நனைத்துக்கொண்டு இருந்தாள். உண்மையைச் சொன்னால், அது அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது. முற்றத்துக்கு இறங்கி நாலு அடி நடக்கவும் முடிந்தது. ஐஸ் வேலை செய்ததும் சாயக் காக்காவுக்குக் காளானில் நம்பிக்கை இரட்டிப்பாகிவிட்டது. இதிலுள்ள தர்க்கத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் பொறுமை கெட்டு ஹாஜராவிடம் கேட்டுவிட்டேன். “நீ படிச்சவதானே? அந்தக் கதவுத் தண்ணிய என்னத்துக்குக் குடிக்கிறாய்? நாளையிலிருந்து அந்த மனிசன் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது.”

அவள் தறிக்காரருக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்; கையை நிறுத்தவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் என்ட நரம்பப் பத்திச் சண்ட புடிக்கீங்க. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. ஊரே என்னப் பாக்க வருது. எல்லாரும் மையித்து விழுந்த வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு இரிக்காங்க. அவரு மட்டும்தான் அடுத்த கிழமைக்கு என்ன செய்யிற எண்டு கதைக்காரு. அவரு வரட்டும்.”

அடுத்த நாள் அவர் வந்தபோது கதிரையை எடுத்துப் போட்டவன் நான்தான். கோபம் மட்டும் ஆறவில்லை.

எண்பத்து நாலில் சாயக் காக்கா தன்னுடைய மிகப் பெரிய வைத்தியத்தை அறிவித்தார். நாற்பது நாள். விடாமல் நாற்பது நாள் குடித்தால் நாற்பத்தோராம் நாள் தங்கச்சி தன் காலால் கடற்கரைக்கு நடந்து போவா. ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். அப்படியெல்லாம் நாள் குறிக்காதீர்கள் என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? ஹாஜரா கலண்டரில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பென்சிலை ஒளித்து வைத்தும் பார்த்தேன். அடுப்புக் கரியால் கோடு போட்டாள்.

முப்பத்தொன்பதாம் நாள் விடிய அவளால் கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. வேன் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டு போனோம். இதுவரை வந்ததிலெல்லாம் பெரிய தாக்கம் இதுதான் என்றார் டொக்டர். காளான் குடித்ததாலா என்று கேட்டேன். இது எந்தக் காளானாலும் வந்ததல்ல, எந்தக் காளானாலும் தடுத்திருக்கவும் முடியாது, இந்த நோய் அப்படித்தான் என்றார். மூன்று கிழமை ஊசி போட்டார்கள். கால் கொஞ்சம் அசைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை கொடுத்து, “இதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நடக்கப் பழகவும் வேண்டும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹாஜரா நடக்கப் பழகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சனம் வந்தது. எல்லாம் அல்லாஹ்வுடைய நாட்டம் என்று சொல்லி மூக்கைச் சிந்திவிட்டுப் போனது. சாயக் காக்கா மட்டும் வரவில்லை. ஒரு கிழமையாயிற்று, வரவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த வரம் கிடைத்துவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை என்னால் ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை.

எட்டாம் நாள், தலையணைக்குக் கீழே மாத்திரைகள் கிடப்பதைக் கண்டேன். இரண்டு நாள் மாத்திரை.

“என்ன புள்ள இது? டொக்டர் என்ன சொன்ன?”

“என்னத்துக்கு?” என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

கெஞ்சினேன், கத்தினேன். பிறகு சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாயக் காக்கா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அவரை மனத்துக்குள் ஏசிக்கொண்டேதான் போனேன்.

அவர் கிடாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அடுப்பு எரியவில்லை. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார்.

“ஏசுங்க மாஸ்டர். ஏசத்தான் வந்திரிப்பீங்க.”

“ஏன் காக்கா வரல்ல?”

“எந்த மூஞ்சியோட வாற? நாப்பது நாள் எண்டு நாக்கால சொன்னவன் நான்தானே. அந்தப் புள்ள என்ன நம்பிக் கோடு போட்டா.”

“காளான் இரிக்கா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நையாண்டி பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்.

“அதுல ஒண்டுமில்ல மாஸ்டர். வெறும் கசப்புத் தண்ணி. மூணு வருஷமா ஒங்க ரெண்டு பேரையும் ஏமாத்திட்டன். வேணுமெண்டு செய்யல்ல. மெய்யாத்தான் நம்பின.”

“அதுல ஒண்டுமில்லையெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்.”

“அப்ப இப்ப என்னத்துக்குக் கேக்கீங்க?”

“அவ மாத்திரைய நிப்பாட்டிட்டா காக்கா. ரெண்டு நாளாச்சி. நான் சொல்லிக் கேக்காளில்ல. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நீங்க வாங்க.”

அவர் எழும்பி, மூலையில் கிடந்த சாக்கை உதறினார். “அடுப்ப ஊதுங்க மாஸ்டர்” என்றார். பட்டதாரி விஞ்ஞான ஆசிரியனான நான், குந்தியிருந்து, கண்ணெல்லாம் புகையாக, காளான் கஞ்சிக்கு அடுப்பு ஊதினேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலோரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் நெற்றியில் கை வைக்கவில்லை.

“தங்கச்சி, நாப்பது நாள் எண்டு நான் சொன்ன பிழ. எத்தின நாள் எண்டு எனக்குத் தெரியா. இந்தத் தண்ணியில மருந்து இரிக்கா எண்டும் தெரியா. ஆனா நாளைக்கும் கொண்டு வருவன், மத்த நாளும் கொண்டு வருவன். நீ முந்தி டொக்டர்ட மாத்திரைய விழுங்கு. அது இல்லாம இத நான் தரமாட்டன்.”

காக்கா போத்தலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு ஹாஜரா சுவரைவிட்டுத் திரும்பினாள். கையை நீட்டினாள். நான் மாத்திரையை வைத்தேன். விழுங்கினாள். காக்கா போத்தலைக் கொடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“என்ன காக்கா இது? முந்தினத விட மோசமா இரிக்கே!”

“மாஸ்டர்தான் அடுப்பு ஊதின. தெரியாத வேலையில கைய வச்சா இப்பிடித்தான். முழுக்க அடிப்புடிச்சிட்டு.”

ஹாஜரா சிரித்தாள். கொழும்பிலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் அடுப்பு ஊதும் திறமையைப் பற்றி வெகு நேரம் கதைத்தார்கள். நான் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அவர் புறப்பட்டபோது கூடவே வாசல் படலைவரைக்கும் போனேன். சைக்கிளில் ஏறப்போன மனிதரின் தோளைப் பிடித்து, “நாளைக்குக் கொஞ்சம் வெள்ளென வாங்க காக்கா” என்றேன்.